உலர் எடைக்கு வாசல்காரி

ஸுல்மா பெந்தான்கூர் வீட்டில் ஃபிரிட்ஜை வேறு யாரும் திறக்கக் கூடாது. பால் வேண்டுமா, பால் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவளே எழுந்து போய் எடுத்து, அளந்து ஊற்றித் தருவாள். தங்கை மிர்த்தா வருஷத்துக்கு ஒரு தடவை பைசாந்துவிலிருந்து வருவாள். மூன்று நாள் பொறுப்பாள். நாலாம் நாள், "ஒரு கரண்டி எடுக்கணும்னாலும் உங்கிட்ட மனு குடுக்கணுமாக்கா? இது வீடா, தாலுக்கா ஆபீஸா?" என்று கத்திவிட்டு பஸ் ஏறிவிடுவாள். கட்டினவன் ஆறு வருஷம் தாக்குப்பிடித்தான். ஏன் போகிறான் என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

வயது ஐம்பத்து நாலு. முப்பது வருஷமாகப் புரோகிராம் எழுதித்தான் வயிறு வளர்க்கிறாள். ஆபீசில் பிடித்த பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ வீட்டுப் பழக்கம்தான் ஆபீசுக்குப் போயிருக்கும் என்று படுகிறது.

ஆபீஸ், தலைநகரம் மொந்தெவிதேயோவில் மெர்செதெஸ் தெருவில், லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. மொத்தம் ஒன்பது பேர். டயாலிசிஸ் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். ரிவேரா, சால்தோ, தாகுவரெம்போ என்று வெளியூர்களில் பதினான்கு நிலையங்கள் அதை வைத்துத்தான் ஓடின. அந்த மென்பொருளின் நடுவயிற்றில் 'நோயாளி' என்றொரு பகுதி. அதை எழுதியவள் ஸுல்மா.

ஒவ்வொரு நோயாளிக்கும் கணினிக்குள் ஓர் உரு உண்டு. அந்த உருவுக்குள் பெயர், வயது, ரத்த வகை, எடை என்று அவரவர் விவரங்கள். மற்ற புரோகிராம்கள் நேரே கையை விட்டு இவற்றை அள்ள முடியாதபடி ஸுல்மா உள்ளே பூட்டி வைத்திருந்தாள். பார்ப்பதற்கு ஒரு வாசல், மாற்றுவதற்கு ஒரு வாசல். தொழிலில் இதைக் கெட்டர், செட்டர் என்பார்கள். பார்க்கிற வாசல் கேட்டவருக்கெல்லாம் திறக்கும். மாற்றுகிற வாசலில்தான் அவள் காவல் போட்டிருந்தாள்.

அதிலும் உலர் எடைக்கு. சிறுநீரகம் செத்தவருக்கு உடம்பில் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த நீரையெல்லாம் எடுத்த பிறகு ஆள் இருக்க வேண்டிய எடைதான் உலர் எடை. இன்றைய எடையிலிருந்து அதைக் கழித்து, எத்தனை லிட்டர் உறிஞ்சுவது என்று மெஷினுக்குச் சொல்வார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மென்பொருள் புதிதாக இருந்தபோது, அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்றிருந்தது. ரிவேராவில் ஒரு நர்ஸ் எழுபத்து நாலை எழுபத்தொன்று என்று அடித்துவிட்டாள். மூன்று லிட்டர் அதிகமாகப் போய், அந்த அம்மாள் நாற்காலியிலேயே நினைவு தப்பிச் சாய்ந்தாள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டாள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஸுல்மா மட்டும் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. உட்கார்ந்து நாலு வரி எழுதினாள். உலர் எடையில் ஒரு கிலோவுக்கு மேல் மாற்றம் வந்தால் டாக்டரின் ரகசியச் சொல் வேண்டும். இல்லையென்றால் 'ஏற்க முடியாது' என்று திரை நின்றுவிடும்.

நர்ஸுகள் முதலில் திட்டினார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள். அதற்கும் அப்புறம் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். தாகுவரெம்போ நிலையத்தில் நிபியா தெச்சேரா என்று ஒரு நர்ஸ். பன்னிரண்டு நாற்காலிக்கு இரண்டே பேர், அதில் ஒருத்தி. ஏதாவது சந்தேகம் என்று ஸுல்மாவுக்குப் போன் போடுவாள். பதினோரு வருஷப் பழக்கம், ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. "நான் கண்ண மூடிக்கிட்டு அடிக்கிறேன் ஸுல்மா. தப்பா இருந்தா உன் வாசல்தான் நிறுத்திடுமே" என்று ஒரு நாள் சொன்னாள். வேறொருத்தி என்றால் இதைக் கேட்டுப் பயந்திருப்பாள். ஸுல்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பித் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பகுதியை வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை. தொட்டவன் எழுதியதை ஒரு மணி நேரத்துக்குள் அழித்துப் பழையபடி ஆக்கிவிடுவாள். "இத நான் மட்டுந்தான் தொடுவேன். உனக்கு என்ன வேணும்னு சொல்லு, நான் பண்ணித் தர்றேன்" என்பாள். பண்ணியும் தருவாள். ஆனால் நாலு நாள் ஆக்குவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரமிரோ என்ற முப்பத்தோரு வயதுக்காரன் அவர்களுக்குத் தலைவனாக வந்தான். கெட்டிக்காரன், கலகலப்பானவன். வந்த வாரமே ஆளாளுக்கு ஒரு பட்டப் பெயர் வைத்தான். ஸுல்மாவுக்குச் சுங்கச்சாவடி. "சுங்கச்சாவடிய தாண்டாம எதுவும் போகாது, வண்டிய ஓரமா நிறுத்துங்கப்பா" என்பான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறென்ன செய்வாள்.

மார்ச் மாதம் தலைநகரத்திலேயே ஐந்து நிலையம் வைத்திருக்கும் பெரிய இடம் ஒன்று இவர்கள் மென்பொருளைப் பார்க்க வருவதாகச் சொன்னது. அவர்களுடைய பழைய பதிவுகளை உள்ளே ஏற்றி ஓட்டிக் காட்ட வேண்டும். நானூறு நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் பத்து வருஷத்து எடைகள். எடை ஏறி இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் வாசல் நின்று டாக்டரைக் கேட்டது. அந்த டாக்டர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், ஒருவர் செத்தே போய்விட்டார்.

"அந்தக் காவல எடுத்துடு தாயே" என்றான் ரமிரோ.

"மூணு வாரம் குடு. பழைய பதிவுக்குன்னு தனியா ஒரு வழி எழுதித் தர்றேன். இத எடுக்கக் கூடாது."

"நாலு வரிக்கு மூணு வாரமா? உனக்கு எடைமேல அக்கறையா, இல்ல வாசல்ல நாற்காலி போட்டு உக்காரணும்கிற ஆசையா?"

இரண்டும்தான் என்பது அவளுக்கே தெரியும்.

ரமிரோ கத்துகிற ஆள் இல்லை. மறுநாள் காலை மாத்தே என்ற கசப்புத் தேநீர் சுற்றி வந்தபோது அவளைத் தாண்டிப் போனது. அந்த ஊரில் மாத்தே குடிப்பதற்கு ஒரு முறை உண்டு. சுரைக்குடுவையில் ஒருவர்தான் வெந்நீர் ஊற்றுவார். தானாக யாரும் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். உறிஞ்சுகிற குழலை அசைக்கவும் மாட்டார்கள். குடித்துவிட்டுத் திருப்பித் தரும்போது நன்றி என்று சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று பொருள். ஊற்றுகிறவன் லீபெர், ரமிரோவின் வால். குடுவை எட்டுப் பேரிடம் போய் வந்தது. ஸுல்மா நீட்டிய கை அப்படியே நின்றது.

"நீ நன்றி சொல்லிட்டியே" என்றான் லீபெர்.

"எப்ப சொன்னேன்?"

"சொன்ன, சொன்ன. எல்லாரும் கேட்டோமே, இல்லையாடா?" என்றான் ரமிரோ. எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

பதினோரு வாரம் இப்படியே போயிற்று. அவள் கேட்ட மூன்று வாரத்தை ரமிரோ கடைசி வரை தரவில்லை, வேறு வேலைகளை அவள் தலையில் கட்டினான். பேச்சுக் கொடுத்தால் பதில் உண்டு, வேலை உண்டு, மாத்தே மட்டும் கிடையாது. இதெல்லாம் ஒரு தண்டனையா என்று அந்த ஊர்க்காரன் கேட்க மாட்டான். ஸுல்மா மத்தியான ரொட்டியை மாடிப்படியில் உட்கார்ந்து தின்னப் பழகிக்கொண்டாள். மே மாதம் அவள் பிறந்தநாள் வந்தது. காலையில் உள்ளே நுழைந்தால், ஒரு தட்டு நிறைய பிஸ்கோச்சோ பலகாரம், நடுவில் மெழுகுவர்த்தி. தனக்குத்தான் என்று எண்ணிக் கைப்பையைக் கீழே வைத்தாள். பிறகுதான் தட்டு எங்கே இருக்கிறதென்று பார்த்தாள். பிரிண்டரின் தலைமேல் இருந்தது. "இன்னிக்கு நம்ம பிரிண்டருக்கு மூணு வயசு" என்றான் ரமிரோ. எட்டுப் பேரும் கைதட்டிப் பாடினார்கள். அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கணினியைப் போட்டாள். பாட்டு முடிகிற வரைக்கும் ஒரு வரியையே திரும்பத் திரும்ப அடித்து அழித்துக்கொண்டிருந்தாள். பாவிகள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெரிய இடத்துக்காரர்கள் வருவதாக முடிவாயிற்று. வியாழன் மத்தியானம் ரமிரோ அவள் மேஜைக்கே வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டப் பெயர் சொல்லாமல், ஸுல்மா என்று கூப்பிட்டான்.

"உன்கிட்ட மல்லுக்கட்டி எனக்கு அலுத்துப் போச்சு. நாளைக்கு ஒரு நாள். திங்கக்கெழம நீயே மறுபடி வெச்சுக்க. உன் கையால எடு, உன் கையால வை. வேற யாரும் தொட மாட்டாங்க. நாளைக்கு மாடியில கறி சுடறோம், நீ இல்லாம எப்படி?"

வேறு யாரும் தொட மாட்டார்கள் என்றானே, அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள். கறிக்கும் சேர்த்துத்தான் விழுந்தாள் என்பதையும் மறைப்பானேன்.

மாற்றுகிற வாசலில் நின்ற நாலு வரியை எடுத்தாள். வாசல் இருந்தது, காவல் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதிய மென்பொருள் வழக்கம்போலப் பதினான்கு நிலையங்களுக்கும் தானாகப் போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிறு எல்லா இடமும் லீவு. ஆக, சனிக்கிழமை ஒரே ஒரு நாள். அப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டாள். நிபியாவிடமும் மற்றவர்களிடமும், சனிக்கிழமை ஜாக்கிரதையாக அடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனை எடுத்தாள். அப்போது லீபெர் அவள் முன்னால் வந்து நின்றான். கையில் குடுவை, நுரை ததும்ப. பதினோரு வாரம் கழித்து முதல் மாத்தே. போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை எல்லாம் வெண்ணெயாக ஓடியது. பெரிய இடத்துக்காரர்கள் தலையாட்டிக்கொண்டே போனார்கள். மொட்டை மாடியில் விறகுத் தணலில் விலாக்கறி வெந்தது. ஸுல்மா தன் வீட்டுக்காரனையும் ஃபிரிட்ஜையும் பற்றித் தானே ஒரு கதை சொன்னாள். ரமிரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொய்ச் சிரிப்பு இல்லை. அவளுக்கு அவ்வளவு நன்றாகக் கதை சொல்ல வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கருகாத பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி அவன்தான் அவள் தட்டில் வைத்தான். அந்த வருஷத்திலேயே அவள் சந்தோஷமாக இருந்த நாள் அது. அதில் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை காலை தாகுவரெம்போவில் எலாடியோ சோசா நாலாம் நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபத்தொன்பது வயது. ஒரு காலத்தில் பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டுரோமம் கத்தரித்தவர். உலர் எடை அறுபத்தெட்டு. கொஞ்சம் சதை போட்டிருக்கிறார், அரைக் கிலோ கூட்டலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். நிபியா 68.5 என்று அடிக்க வேண்டியவள், எண் இடம் மாறி, 65.8 என்று அடித்தாள். திரை ஏற்றுக்கொண்டது. திரை ஏற்றுக்கொண்டதால் அவள் அடுத்த நாற்காலிக்குப் போனாள். பதினோரு வருஷமாக அப்படித்தான். நீர் கொஞ்சம் அதிகமாகக் காட்டியது. வெள்ளிக்கிழமை கிழவர் எங்கோ விருந்து சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் மணி நேரத்தில் எலாடியோவின் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வலிக்கிறது என்று சொல்லி வளர்ந்த ஆள் இல்லை. பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இதயம் நின்றது. எவ்வளவோ அழுத்திப் பார்த்தார்கள், திரும்ப ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே ஸுல்மா ஆபீசுக்கு வந்து நாலு வரியையும் பழைய இடத்தில் வைத்தாள், எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டாள். பத்தே கால் மணிக்கு போன் வந்தது.

"ஸுல்மா, நம்ம எலாடியோ போயிட்டாரு" என்றாள் நிபியா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "நான் அறுபத்தஞ்சு புள்ளி எட்டுன்னு அடிச்சிருக்கேன். தப்புதான், என் விரல்தான். ஆனா உன் வாசல் ஏன் விட்டுச்சு? அது நிறுத்தலையே. கேக்கவே இல்லையே."

"பாக்கறேன்" என்றாள் ஸுல்மா. போனை வைத்தாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரமிரோவின் கண்ணாடி அறைக்குப் போய்ச் சொன்னாள். அவன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினான். முகம் வெளுத்துவிட்டது, ஆனால் மூளை நிற்கவில்லை.

"இப்ப காவல் இருக்கா?"

"காலையில வெச்சுட்டேன்."

"அப்ப இருக்கு. என்னிக்கும் இருந்துச்சு."

"ரமிரோ, வியாழக்கெழம எடுத்ததும் திங்கக்கெழம வெச்சதும் பதிவுல இருக்கு. தேதி, மணி, என் பேரு எல்லாம்."

"நாலு வரிய எடுத்த பதிவு ஒண்ணு. அதே நாலு வரிய வெச்ச பதிவு ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா மடிச்சா என்ன மிஞ்சும்? ஒண்ணுமில்ல. பூஜ்யம். தொழில் தெரிஞ்சவதானே நீ."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே பூசணிக்காயைப் பூசணிக்காயாலேயே மறைக்கலாம் என்றான்.

"நீதான் எடுக்கச் சொன்ன" என்றாள் அவள்.

"சொன்னேனா? எழுதிக் குடுத்தேனா?" அவன் குரல் இப்போது மெதுவாக, கிட்டத்தட்டப் பிரியமாக இருந்தது. "விசாரணைக்கு வர்றவன் இந்தப் பகுதிய யார் தொட்டதுன்னு கேப்பான். எட்டுப் பேரும் யார் பேரச் சொல்வாங்க? வேற யாரும் தொடக் கூடாது, தொடக் கூடாதுன்னு பதினோரு வருஷமா நீதானே ஊரக் கூட்டிக் கத்திக்கிட்டு இருந்த. தொடாதவங்கள எப்படிக் குத்தம் சொல்றது? நான் மடிச்சு வெச்சிடறேன், தள்ளு."

அவன் அவளுடைய விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினான். ஸுல்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் பண்றேன்" என்றாள். பண்ணினாள், இரண்டு பதிவும் தடயமில்லாமல் போயின. அந்தப் பகுதியைக் கடைசி வரைக்கும் வேறு யாரும் தொடவில்லை.

புதன்கிழமை விசாரணைக்காரர் தாகுவரெம்போவுக்குப் போனார். அறுபத்தெட்டு இருந்த இடத்தில் 65.8 என்று அடித்தார். 'ஏற்க முடியாது' என்று திரை நின்றது. இன்னொரு நோயாளிக்கு அடித்தார், நின்றது. விசைப்பலகையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. டாக்டரின் ரகசியச் சொல், நிபியாவின் கையெழுத்தில். நடு ராத்திரியில் எங்களை எழுப்பாதீர்கள் என்று டாக்டர்கள் எல்லா ஊரிலும் இப்படிச் சொல்லைக் கொடுத்து வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் எப்போது அந்தச் சொல்லை அடித்தார்கள் என்று மென்பொருள் எழுதி வைப்பதில்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று ஸுல்மாவுக்குத் தோன்றியதே இல்லை. வாசலில் நிற்பவளுக்கு வாசல்தான் கண்ணில் படும்.

"அது என்னைக் கேக்கவே இல்லை" என்று நிபியா சொன்னாள். "அது கேக்காம விடாதே, நானே பாத்தேனே. அப்ப இந்தச் சீட்டு எதுக்கு?" என்றார் விசாரணைக்காரர். மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை அவள் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செய்தி மொந்தெவிதேயோவுக்கு வந்ததும் ரமிரோ ஸுல்மாவின் தோளில் தட்டினான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றான்.

மறுநாள் நிபியா போன் செய்தாள். இம்முறை அழவில்லை.

"ஸுல்மா, நாளைக்கு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். நீ என்ன சொல்றியோ அத நான் நம்புவேன். சனிக்கெழம உன் காவல் இருந்துச்சா?"

போனுக்குள் தாகுவரெம்போவின் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரமிரோ இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாவிட்டாலும் அவள் வேறு சொல்லியிருப்பாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"இருந்துச்சு" என்றாள் ஸுல்மா.

நிபியா அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான்தான். சீட்டப் பாத்து அடிச்சிருக்கேன். கை பழக்கத்துல அடிச்சுட்டு, கேக்கவே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல ஸுல்மா. அன்னிக்கு பன்னெண்டு நாற்காலிக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்." நிறுத்தினாள். "உன் வாசலத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன். பதினோரு வருஷம் எங்க ஜனங்களக் காப்பாத்தினது அது. விசாரணையிலயும் உன் வேலையக் குறை சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத. என்னை மன்னிச்சிடு."

"பரவால்ல, நிபியா" என்றாள் ஸுல்மா. "யாருக்கும் நடக்கறதுதான்."